பழைய ஸ்பீக்கரில் பாஸ் (தாழ்ந்த ஒலி) வந்தாலே கரகரக்கிறது, தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

தயவுசெய்து போடாதீர்கள். முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் பொடிப்பொடியாக உதிரும். ஃபோம் செய்யப்படும் பாலியூரித்தேன் 15, 20 வருடத்தில் ஈரக்காற்று பட்டு அப்படி மக்கிவிடும். ரப்பர் இவ்வளவு சீக்கிரம் போகாது.

அதே அளவில் புது வளையம் வாங்குங்கள். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகச் சுரண்டுங்கள். முதலில் கூம்போடு ஒட்டி, காய்ந்த பிறகு சட்டத்தோடு ஒட்டுங்கள். இந்த இரண்டாவது ஒட்டில்தான் எல்லாம் இருக்கிறது: கூம்பின் அடியில் உள்ள கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) காந்த இடுக்கின் நடுவில் நிற்க வேண்டும். பசை இறுகும்வரை 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓடவிடுங்கள். சுருள் உரசினால் காதுக்கே தெரியும், கூம்பை விரலால் லேசாக நகர்த்திவிடலாம்.

அப்புறம், ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மங்கியிருந்தால், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் சந்தேகப்படுங்கள். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், துருவமில்லாத (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) வகையே போடுங்கள்.