நான் சைட் (மனை) காட்டுன பார்ட்டியை கூட வேலை பாக்குறவரே குளோஸ் பண்ணிட்டார் (வியாபாரத்தை முடிச்சுட்டார்), மேனேஜர்கிட்ட போகவா?

உடனே போகாதீங்க. இதே கதை போன வருஷம் எனக்கு நடந்துச்சு, கூடுவாஞ்சேரி பக்கம் மனை விக்கிற ஒரு ஆபீஸ்ல.

மாசில ஒரு ஐடி தம்பதியை ஞாயித்துக்கிழமை வெயில்ல கூட்டிட்டுப் போய் 1,200 சதுர அடி கார்னர் மனை காட்டுனேன், வில்லங்கம், பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் எல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன், வீட்ல பேசிட்டு சொல்றோம்னு போனவங்க அப்புறம் போனே எடுக்கல, நானும் ரெண்டு தடவ அடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டேன். ஆனி கடைசில அதே ஆளு ஆன்லைன்ல விளம்பரம் பாத்து ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கார். அந்த லீட் (விசாரிச்சவரோட விவரம்) எங்க சீனியர் அண்ணனுக்குப் போச்சு, ஆடி பொறக்குறதுக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் போட்ருங்க சார்னு சொல்லி ரெண்டே நாள்ல வாங்கிட்டார். பத்திரம் ஆவணில. சதுர அடிக்கு 50 ரூபா கணக்குல 60,000 கமிஷன்.

ஆடில ரிஜிஸ்ட்ரேஷன் ரொம்பக் கம்மி, எல்லாரும் ஃபேனுக்குக் கீழ சும்மா உக்காந்திருப்போம், அந்த மாசத்துல சண்டை வந்தா சின்னது கூட பெருசாத்தான் தெரியும். நான் ஆபீஸ் நடுவுல நின்னு கத்திட்டேன். உள்ள வேற ஒரு பார்ட்டி உக்காந்திருந்தாங்க, வெச்ச டீயைக் கூட தொடாம கிளம்பிட்டாங்க. மேனேஜர் "நீங்களே பேசி முடிச்சுக்கங்கப்பா"ன்னு ரூமுக்குள்ள போயிட்டார். ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) கம்ப்ளெயின்ட் பண்றேன்னு வேற சவடால் விட்டேன், இப்ப நெனச்சா சிரிப்பா வருது. 2016 ரெரா சட்டத்துல ஏஜென்ட் பதிவு பண்ணணும்னு இருக்கு, ஆபீஸுக்குள்ள கமிஷனை எப்படிப் பிரிக்கணும்னு ஒரு வரி கிடையாது.

மறுநாள் டீக்கடைல நான்தான் போய்ப் பேசினேன். சைட் போன தேதி, அனுப்புன லொகேஷன், டாக்குமென்ட் எல்லாம் வாட்ஸ்அப்ல காட்டுனேன். அவர் பாத்துட்டு, "தம்பி, நீ கூட்டிட்டுப் போனது எனக்கு சத்தியமா தெரியாது. ஆனா நாலு மாசத்துல எத்தன தடவ பேசுன? நான் அவனுக்கு பேங்க் லோன் வரைக்கும் அலைஞ்சிருக்கேன்"னார். எனக்குப் பதில் இல்ல. அவருக்கு 40,000, எனக்கு 20,000ன்னு முடிச்சோம். ஒண்ணு கவனிங்க, கமிஷன் வவுச்சரை ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா போடச் சொல்லுங்க. மொத்தமும் அவர் பேர்ல போனா 2 சதவீத டிடிஎஸ் (கமிஷன்ல முன்கூட்டியே பிடிக்கிற வரி) முழுசா அவர் பான்ல ஏறும், வருமானக் கணக்கும் அவர் தலைல விழும், அப்புறம் அதுக்கு ஒரு சண்டை.

அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் சேந்தே மேனேஜர்கிட்ட போனோம். சைட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே தேதி, பார்ட்டி பேரு, போன் நம்பர் கடைசி நாலு நம்பர் மட்டும் க்ரூப்ல போடணும் (முழு நம்பரும் போட்டா நம்மாளுங்களே கூப்பிட்டுருவாங்க!). போட்டவருக்கு 60 நாள் உரிமை, நடுவுல ஃபாலோ-அப் பண்ணி அதையும் போட்டா இன்னொரு 60. அது தாண்டிட்டா குளோஸ் பண்றவருக்கு ரெண்டு பங்கு, மொதல்ல காட்டுனவருக்கு ஒரு பங்கு.

உங்க கேஸ்ல பத்திரம் இன்னும் ஆகலன்னா இந்த வாரமே பேசிருங்க, பணம் அவர் கைக்குப் போனப்புறம் பேசுனா பைசா தேறாது. தயவுசெஞ்சு அந்த பார்ட்டிக்கு போன் போட்டு "சார் நான்தானே மொதல்ல காட்டுனேன், சொல்லுங்க"ன்னு சாட்சிக்கு இழுக்காதீங்க, மனையே வேணாம்னு டோக்கனைத் திருப்பிக் கேட்டுட்டா ரெண்டு பேருக்கும் இல்ல.

எங்க அண்ணன் இப்பவும் காலைல வந்ததும் க்ரூப்பைப் பாத்துட்டு, "தம்பி, உன் ஊரப்பாக்கம் பார்ட்டிக்கு இன்னியோட 58 நாள்"னு சத்தமா சொல்லுவார். நான் உடனே போனை எடுப்பேன்.