கேள்வி–பதில்: 94-இல் நிற்கும் வேகம்

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு. மொபைலில் வைஃபை வழியாக 250 வருகிறது. கேபிள் மாட்டிய கம்ப்யூட்டரில் மட்டும் எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்பு தரும் நிறுவனத்திடம் புகார் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மொபைலுக்கு 250 கிடைக்கிறது என்றால் ரவுட்டர் வரை வேகம் சரியாக வந்துவிட்டது. 94 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது: ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு 1,460 பைட் தரவுக்கும், முகவரித் தகவல், இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1,538 பைட் இடம் போகிறது. அதனால் நூறில் 95-க்குச் சற்றுக் கீழேதான் கைக்கு வரும். வேகம் 40, 70 என்று ஏறி இறங்கினால் காரணம் வேறு. கோடு போட்டதுபோல 94-இல் நின்றால் இதுதான்.

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள். 100/100 என்றிருந்தால், அடுத்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பெயர். 'ஜிபிஇ', 'கிகாபிட்' என்றால் 1000 வரை போகும். 'எஃப்இ', 'ஃபாஸ்ட் ஈதர்நெட்', '10/100' என்றால் அந்தச் சிப்புக்கு 100-தான் எல்லை. டிரைவரைப் புதுப்பித்தோ செட்டிங்கை மாற்றியோ அதை உயர்த்த முடியாது. கார்டைத்தான் மாற்ற வேண்டும். ரவுட்டரின் லேன் போர்ட்டும் (கேபிள் மாட்டும் துளை) கிகாபிட்தானா என்று பாருங்கள். இரண்டு முனைக்கும் பொதுவான வேகத்தில்தான் இணைப்பு அமையும்.

இரண்டும் கிகாபிட் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். அதற்குள் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய எண்களில் உள்ள நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறுவதில்லை, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வருகிறதே என்று கேபிளை யாரும் பார்ப்பதும் இல்லை. கனெக்டரை வெளிச்சத்தில் பிடியுங்கள்: எட்டு நிறக் கம்பிகளும் முனைவரை போய் முட்டி நிற்க வேண்டும். ஒன்று சற்றே பின்தங்கினாலும் உலோகப் பல் அதைக் கடிக்காமல் போயிருக்கலாம். கிகாபிட் தாங்கும் கேட் 5இ வகைக் கேபிள் ஒன்றை மாற்றி மாட்டினால் ஒரே நிமிடத்தில் விடை தெரியும்.

நெட்வொர்க் கார்டின் செட்டிங்கில் வரும் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' ஆட்டோவிலேயே இருக்கட்டும். ஒரு முனையை மட்டும் 100 ஃபுல் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கட்டிவைத்தால், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்று மட்டும்) போய், மோதல்களால் வேகம் இன்னும் படுத்துவிடும்.

கேள்வி: லேப்டாப்புக்கு கிகாபிட் யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறது. சோதித்தால் 300-ஐ ஒட்டியே நிற்கிறது. அடாப்டர் போலியா?

பதில்: முதலில் மாட்டிய போர்ட்டைப் பாருங்கள், அது பழைய யுஎஸ்பி 2.0-ஆக இருக்கலாம். லிங்க் ஸ்பீடு சொல்வது கேபிள் பக்கத்து வேகத்தை மட்டும். யுஎஸ்பி 2.0-இன் உச்சம் ஏட்டளவில் 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் 300-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற சிறிய கம்ப்யூட்டர் போர்டின் கிகாபிட் போர்ட்டும் இதே காரணத்தால் 300-இல் நின்றது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில், இடையே ஹப் இல்லாமல் நேராக மாட்டுங்கள். வீட்டு இணைப்பும் 1000 எம்பிபிஎஸ் என்றால் 900-ஐத் தாண்ட வேண்டும்.

கேள்வி: ஸ்மார்ட் டிவியின் லேன் போர்ட் 100-தானாம். ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம்.