கேஎல் காலுக்கு அடியில என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

பத்தாங் பெர்ஜுந்தையில (இப்ப பெஸ்தாரி ஜெயா) இருந்து எழுதுறேன். போன மாசம் இந்தப் பக்கத்துல கேஎல், அதான் கோலாலம்பூர், மண்ண பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு கடுதாசியும் வாட்சாப்புமா வந்து குவிஞ்சிருச்சு. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த: நான் 26 வருஷம் போரிங் மிஷின்ல வேல பாத்தவன், கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடி அந்த எடத்துல குழி போட்டு கீழ இருக்கிற மண்ணையும் கல்லையும் எடுத்து பாக்குற வேல. தோட்டத்துல பொறந்து, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்து, கேஎல்லுக்கு அடியில என்ன இருக்குன்னு கையால தொட்டு பாத்தவன். தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: என் மக மஸ்ஜித் இந்தியா பக்கத்துல துணிக்கடையில வேல பாக்கறா. 2024-ல அங்க நடபாதை உள்ள போனதுல இருந்து அவ வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. கேஎல் பூரா கீழ ஓட்டையாவா இருக்கு? – ஒரு அம்மா, ரவாங்

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமான பயம். 2024 ஆகஸ்ட் 23 காலையில இந்தியாவுல இருந்து சுத்திப் பாக்க வந்த ஒரு அம்மா நடந்து போய்க்கிட்டிருக்கும்போதே நடபாதை இறங்கி, 8 மீட்டர் குழியில விழுந்துட்டாங்க, ஒன்பது நாள் தேடியும் கிடைக்கல. அத டிவியில பாத்த ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா அந்த மாதிரி தெருவுங்கள்ல எத்தனையோ தடவ நான் மிஷின இறக்கி வெச்சு நின்னுருக்கேன்.

ஆனா பூரா ஓட்டை இல்லம்மா. கேஎல்லுக்கு அடியில ரெண்டு மூணு ஜாதி கல்லு பக்கத்துல பக்கத்துல கிடக்கு. பத்துமலையில இருந்து நகரத்து நடுவு வழியா சுங்கை பெசி வரைக்கும் பெரும் பகுதி சுண்ணாம்புக்கல். 40 கோடி வருஷத்துக்கும் மேல முந்தி அங்க கடலு, கடல் உயிருங்களோட ஓடுங்களும் சேறும் படிஞ்சு படிஞ்சு கல்லானது. இந்தக் கல்லுக்கு ஒரு குணம் இருக்கு, தண்ணியில கரையும். மழத்தண்ணி காத்துல இருந்தும் இலதழை மக்கின மண்ணுல இருந்தும் கரியமில வாயுவ எடுத்துக்கிட்டு லேசா புளிச்ச தண்ணியா கீழ இறங்குது, கல்லுல விரிசல் எங்க இருக்கோ அங்க போயி அரிக்குது, லட்சக்கணக்கான வருஷம் அரிச்சு அரிச்சு கல்லோட மேல்பக்கம் கொம்பு கொம்பா, பள்ளம் பள்ளமா ஆயிடும், உள்ள குகையும் ஆயிடும். பத்துமலையில நாம ஏறிப் போய் கும்பிடுற குகை இருக்குல்ல, அதே மாதிரி சின்ன சின்னதா மண்ணுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாம.

இப்ப முக்கியமான விஷயம். அந்தக் குகை நேத்து வந்தது இல்ல, நம்ம ஆயுசுல அது பெருசாகப் போறதும் இல்ல. குழி விழுறது கல்லுல இல்லம்மா, கல்லுக்கு மேல இருக்கிற மண்ணுல. எங்கயோ தண்ணிக் குழாய் ஒழுகும், சாக்கடை உடைஞ்சிருக்கும், இல்ல பக்கத்துல பெரிய குழி தோண்டி நிலத்தடி தண்ணிய இறைச்சிருப்பாங்க. அந்தத் தண்ணி ஓடுற ஓட்டத்துல மண்ணையும் இழுத்துக்கிட்டு கல்லுல இருக்கிற பள்ளத்துக்குள்ள போகும். அடியில மண்ணு போகப் போக மேல ஒரு வெத்து எடம் உண்டாகி, கடைசியில தாரும் சிமெண்டும் மட்டும் தொட்டி மூடி மாதிரி நிக்கும். அது எப்ப இறங்கும்னு மேல நிக்கிறவனுக்குத் தெரியாது.

அத நான் எப்படி பாத்தேன்னு சொல்றேன். மண்ணு எவ்வளவு கெட்டின்னு பாக்க 63 அரை கிலோ சுத்தியல 76 சென்டிமீட்டர் ஒசரத்துல இருந்து கம்பி மேல விட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடின்னு எண்ணுவோம். சாதாரண எடத்துல கீழ போகப் போக எண்ணிக்கை ஏறும், பத்து, பதினஞ்சு, முப்பது. சுண்ணாம்புக்கல்லு எடத்துல தலகீழ். நல்லா ஏறிக்கிட்டே வந்து, கல்லுக்கு ரெண்டு மூணு மீட்டர் மேல திடீர்னு மண்ணு களி மாதிரி ஆயிடும், சுத்தியலே வேணாம், கம்பியோட பாரத்துலயே தானா இறங்கும். அதுக்கு அப்புறம் கல்லு. கல்ல தொளைக்கும்போது குழிக்குள்ள விட்ட தண்ணி மேல திரும்பி வந்துக்கிட்டே இருக்கணும். ஒரு தடவ அம்பாங் பக்கத்துல ராத்திரி வேலையில தண்ணி வர்றது சட்டுனு நின்னுச்சு, மண்டோர் (மேஸ்திரி) கைய ஒசத்தினாரு, மிஷின நிறுத்துறதுக்குள்ள கம்பி ஒரு ஆள் ஒசரத்துக்கு சர்ருனு கீழ போச்சு, ஒரு சத்தமும் இல்ல. அடியில குகை. எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். பக்கத்துல நாலடி தள்ளி போட்ட குழியில அதே ஆழத்துல முழுக்கல்லு.

அதனால மக கிட்ட ஒண்ணு சொல்லுங்க. நடபாதையில புதுசா ஒரு எடம் பள்ளமா தெரிஞ்சா, மழ இல்லாத நாள்ல தண்ணி தேங்கி நின்னா, விளக்குக் கம்பம் சாஞ்சா, கல்லுக்கு கல்லு இடைவெளி விட்டா, சுத்திப் போகட்டும், போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்பட்டும். ஒரு தடவ அனுப்பி பதில் வரலன்னா மறுபடியும் அனுப்பட்டும்.

கேள்வி: அப்ப பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எப்படிண்ணே நிக்குது? – ஆறாம் பாரம் மாணவர், கோல சிலாங்கூர்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. மொதல்ல கோபுரம் கட்ட குறிச்ச எடத்துல மண்ண பாத்தப்போ, ஒரு பக்கம் கொஞ்ச ஆழத்துலயே சுண்ணாம்புக்கல், இன்னொரு பக்கம் அந்தக் கல்லு செங்குத்தா எங்கயோ கீழ போயிருந்துச்சு, மேல கென்னி ஹில்னு சொல்ற இன்னொரு ஜாதி. அது மணல்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி படிஞ்சது, சுண்ணாம்புக்கல்ல விட வயசுல இளசு, தண்ணியில கரையாது. ஒரே கட்டடத்தோட ஒரு கால் கல்லுல, மறுகால் மண்ணுல நின்னா என்ன ஆகும்? மண்ணுப் பக்கம் அமுங்கும், கல்லுப் பக்கம் அமுங்காது, சாயும். அதனால கோபுரத்தையே கிட்டத்தட்ட 60 மீட்டர் தள்ளி, முழுசா கென்னி ஹில் மேல வர்ற மாதிரி வெச்சாங்க.

அதுக்கு மேலதான் விஷயமே. ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 தூண், 60 மீட்டர்ல இருந்து 114 மீட்டர் ஆழம் வரைக்கும் எறக்கியிருக்காங்க. அது கல்லுல போய் உக்காரல தம்பி, சுத்தியிருக்கிற மண்ணு தூண இறுக்கிப் பிடிக்குது பாரு, அந்தப் பிடியிலதான் பாரம் நிக்குது. பால்மரத்த, அதான் ரப்பர் மரத்த, சும்மா கையால புடுங்க முடியுமா, வேர மண்ணு பிடிச்சிருக்குல்ல, அந்த மாதிரி. தூணுங்க மேல நாலரை மீட்டர் கனத்துல ஒரு கான்கிரீட் பலகை, 13,200 கன மீட்டர், 54 மணி நேரம் நிறுத்தாம ஊத்தினாங்க. கீழ சுண்ணாம்புக்கல்லுல கண்டுபிடிச்ச ஓட்டைங்கள சிமெண்ட் குழம்பு ஏத்தி அடைச்சாங்க. 452 மீட்டர் ஒசரத்த எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க, எனக்கு அந்த 114 மீட்டர்தான் பெருசு.

ரோடும் வெள்ளமும் சேந்து போற ஸ்மார்ட் சுரங்கம் இருக்கே, 2007-ல தொறந்தது, 9.7 கிலோமீட்டர், அது முக்காவாசி இந்த சுண்ணாம்புக்கல்லுக்குள்ளதான் போகுது. தோண்டும்போது மேல ரோட்டுல குழி விழுந்த எடமும் உண்டு. அப்புறம் எம்ஆர்டி ரயிலுக்கு சுரங்கம் தோண்டினப்போ, கேஎல் கல்லுக்குன்னே உலகத்துல மொதல் தடவையா ஒரு புது ஜாதி மிஷின செய்ய வெச்சாங்க, எடத்துக்குத் தக்கன சேத்தோட கனத்த மாத்தி மாத்தி முன்னால தள்ளி பிடிச்சுக்கிட்டே போற மிஷின். நம்ம ஊரு கல்லு அவ்வளவு பாடம் சொல்லிக் குடுத்திருக்கு.

கேள்வி: பத்துமலை கல்லும் கேஎல்லுக்கு அடியில இருக்கிற கல்லும் ஒண்ணா? – தங்கச்சி, ஈஜோக்

பதில்: ஒண்ணேதான்மா. சுத்தி இருந்தது கரைஞ்சு போச்சு, அது மட்டும் மலையா நிக்குது. வெத்தலைக்கு தடவுற சுண்ணாம்பும் இந்தக் குடும்பம்தான். வீட்டுல ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு கிடைச்சா, தூளாக்கி வினிகர் விட்டுப் பாரு, நுரை பொங்கும், கருங்கல்லுல பொங்காது. ஆனா பத்துமலையில போயி ஒரு துண்டு கூட உடைச்சு எடுக்காத. அந்த மலைய ஒரு காலத்துல பக்கத்துல வெடி வெச்சு உடைச்சு ரோட்டுக்கு ஜல்லியா எடுத்தாங்க, 1980-ங்க வாக்குலதான் அது நின்னுச்சு. 1890-ங்கள்ல இருந்து நம்ம சனங்க காவடி எடுத்து ஏறுற மலை. அங்க இருக்கிற இருட்டுக் குகையில பத்துமலை பேர்லயே ஒரு சிலந்தி இருக்கு, கதவு வெச்ச வளையில இருக்கிற பழைய ஜாதி. அதுக்கும் அந்தக் கல்லுதான் வீடு.

கேள்வி: செலாயாங்ல சுடுதண்ணி குளம் இருக்கே, கீழ எரிமலையா? – ஒரு லாரி டிரைவர், பத்து அராங்

பதில்: எரிமல இல்லண்ணே. அந்தப் பக்கம் கருங்கல்லு. மழத்தண்ணி கல்லு வெடிப்பு வழியா ரொம்ப ஆழம் போகுது, ஆழத்துல பூமி இயல்பாவே சூடு, சூடாகி வேற வெடிப்பு வழியா மேல வருது. செத்தாப்பாக்ல ஒரு எடத்துக்கு பேரே ஆயர் பானாஸ்தான், நீங்க அந்த வழியா ஓட்டியிருப்பீங்க. மேலாவத்தி பக்கம் வெள்ளையா பல்லு பல்லா ஒரு மலைத்தொடர் தெரியுமே, தாபூர் மலை, அதுவும் அந்தக் கதைதான், கருங்கல்லு பெருசா வெடிச்ச எடத்துல சுடுதண்ணியோட கரைஞ்சு வந்த வெண்கல்லு, குவார்ட்ஸ், அடைச்சு இறுகி 14 கிலோமீட்டருக்கு மேல நீளமா நிக்குது. சுத்தியிருக்கிற கல்லு தேஞ்சு போச்சு, இது தேயல.

நிலநடுக்கம் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2007 கடைசியில இருந்து 2009 வரைக்கும் புக்கிட் திங்கி பக்கம் சின்ன சின்ன அதிர்ச்சி வந்துச்சு, பழைய வெடிப்புங்க லேசா அசைஞ்சது. கேஎல்ல மாடிக் கட்டடம் ஆடுறது பெரும்பாலும் சுமத்ராவுல வர்றதாலதான்.

கேள்வி: அண்ணே, நாங்க நாப்பது வருஷம் தோட்டத்து லயத்துல இருந்தோம், சுவத்துல ஒரு கோடு விழுந்ததில்ல. இப்ப கடன் வாங்கி தாமான்ல (புதுக் குடியிருப்புல) வீடு வாங்கி மூணே வருஷம், சமையக்கட்டுல இருந்து ரூம்பு வரைக்கும் வெடிச்சிருக்கு. ஏன்? – முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, நம்ம ஊர்

பதில்: அக்கா, உங்க கடுதாசிய மூணு தடவ படிச்சேன். எனக்கும் அதே அனுபவம்.

லயம் கட்டின எடத்த நினைச்சுப் பாருங்க. மேட்டுல, செம்மண்ணுல. மழ லட்சக்கணக்கான வருஷம் பெஞ்சு மத்ததெல்லாம் கழுவிக்கிட்டு போயி, இரும்பு மட்டும் தங்கி துருப்பிடிச்ச மண்ணு அது, அதான் செவப்பு. நல்லா இறுகின மண்ணு. மேல பலகையும் தகரமும், பாரமே இல்ல. நம்ம பக்கத்து தென்னமரம் தோட்டத்துல 1917-ல நாட்டுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்கு செம்பனை நட்டாங்க, அந்தக் காலத்து ஆளுங்க மேடு பாத்துதான் லயம் போட்டாங்க.

இப்ப நம்ம ஊருல புது தாமான் பல எடத்துல எங்க வந்திருக்கு? ஈய லம்பத்து மேல, அதாவது முந்தி வெள்ளீயம் தோண்டின எடத்து மேல. 20 கோடி வருஷத்துக்கு மேல வயசான கருங்கல்லு மலையில ஈயம் இருந்துச்சு, மலை தேய தேய அது ஆத்தோட இறங்குச்சு, கனமான பொருளு, தூரம் போகாது, பள்ளத்துல தங்கிடும். சுண்ணாம்புக்கல்லுல கொம்புக்கும் கொம்புக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல இன்னும் நல்லா தங்குச்சு. 1857-ல 87 சீன ஆளுங்க அம்பாங்குக்கு தோண்டப் போனது அதுக்குத்தான், கேஎல் ஊரா ஆனதும் அதனாலதான். இங்க ஈயக் கப்பலு மிதந்து மிதந்து மண்ண அள்ளி, ஈயத்த எடுத்துக்கிட்டு மிச்சத்த பின்னால துப்பிக்கிட்டே போகும். மணல் ஒரு எடத்துல விழும், சேறு இன்னொரு குட்டையில போய் படியும். மணல் மேல வீடு கட்டுனா பரவால்ல. சேறு இருக்கே, முப்பது நாப்பது வருஷமானாலும் தயிர் மாதிரியே இருக்கும், மேல அஞ்சடி மண்ணு கொட்டி மேடாக்கினா பாக்க கெட்டியா தெரியும், நாங்க கம்பி விட்டா சுத்தியல் இல்லாமலே இறங்கும். வீட்டோட முன்பக்கம் மணல்ல, பின்பக்கம் சேத்துல இருந்தா, சமையக்கட்டு மட்டும் மெதுவா அமுங்கி வெடிக்கும். சமையக்கட்ட பின்னால தள்ளி நீட்டிக் கட்டி, அதுக்கு தூண் போடலன்னா இன்னும் மோசம்.

நான் 2003-ல ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். இந்த வேலையிலயே இருந்தும் விக்கிறவங்க கிட்ட மண்ணு ரிப்போர்ட்ட கேக்கல, மண்ண போட்டு மூடின குட்டைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த அஞ்சாயிரம் வெள்ளி திரும்ப வரல. அதனால இத படிக்கிற எல்லாரையும் கேட்டுக்கறேன், வீடு வாங்கப் போனா மொதல்ல அந்த எடத்துல வயசானவங்கள கேளுங்க, இங்க முந்தி குட்டை இருந்துச்சா, மேடா, பள்ளமான்னு. அப்புறம் மண்ணு ரிப்போர்ட்ட கேளுங்க, தூண் போட்டிருக்கா, எத்தனை மீட்டர்னு கேளுங்க. மலைச்சரிவுல வீடுன்னா பின்னால தண்ணி எந்த வழியா ஓடுதுன்னு மழ நாள்ல போயி நின்னு பாருங்க. 1993 டிசம்பர் 11-ல ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேர் செத்தது சுண்ணாம்புக்கல்லால இல்ல, பின்னால சரிவுல தண்ணி வடியற வழி கெட்டுப்போயி மண்ணு இறங்கினதால.

அக்கா, உங்க வெடிப்புக்கு இன்னிக்கே ஒண்ணு செய்யுங்க. வெடிப்போட ரெண்டு முனையிலயும் பென்சிலால குறுக்க கோடு போட்டு தேதி எழுதுங்க. நடுவுல அகலத்த ஸ்கேல்ல அளந்து அதையும் சுவத்துலயே எழுதுங்க. மாசம் ஒரு தடவ பாருங்க. சமையக்கட்டு தண்ணி போற குழாய் அடியில ஒழுகுதான்னு பிளம்பர வெச்சு பாத்துடுங்க, ஒழுகினா மொதல்ல அத அடைங்க. ஆறு மாசத்துல வெடிப்பு கோட்ட தாண்டலன்னா பூசிட்டு விட்டுடலாம். தாண்டியிருந்தா போட்டோவோட எழுதுங்க, நானே வந்து பாக்கறேன், உங்க தாமான் என் வீட்டுல இருந்து மோட்டார்ல பத்து நிமிஷம்தான்.