புகையே பிடிக்காதவருக்கு மூச்சிரைப்பு ஏன்?

கேள்வி: ஆத்தாவுக்கு 64 வயது. 40 வருடம் விறகடுப்பில் பலகாரம் சுட்டவர். நடந்தாலே இரைக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இன்ஹேலரும் கேட்கவில்லை.
— வாசகி, தேவகோட்டை

பதில்: விறகுப் புகையே போதும், சிகரெட் வேண்டியதில்லை. ஆரம்பகட்ட சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், கருவியில் ஊதி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி எடுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை உறிஞ்சி 15 நிமிடம் கழித்து ஊதும்போது, முதல் நொடியில் வரும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைந்தால் அடைப்பு இருக்கிறது. பாதியில் ஊதலை நிறுத்தினால் மொத்தம் குறைந்து, விகிதம் பொய்யாக நன்றாகத் தெரியும். குறைந்தது 6 நொடி ஊதட்டும்.

இன்ஹேலர் கேட்காததற்குப் பல நேரம் மருந்தல்ல, அதைப் பிடித்து இழுக்கும் விதம்தான் காரணம். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் வாங்குங்கள். குலுக்கி, மூச்சை விட்டு, ஒருமுறை மட்டும் அழுத்தி, மெதுவாக இழுத்து 10 நொடி அடக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பலகார வேலையைக் கேஸ் அடுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். தேன்குழல் ருசி ஒன்றும் குறைந்துவிடாது.