குழந்தைகள் வார்டு: வாசகர் கேள்வியும் பதிலும்

எம்.எஸ்சி. குழந்தைநல நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தர மேம்பாட்டு புராஜெக்ட்டுக்கு 'டிரிப் போட்ட இடத்தில் வீக்கம்' என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு வகுப்பு எடுத்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்தால் போதுமா?
– மாணவி, பெருந்துறை

போதாது. தேர்வில் மார்க் கூடினால் குழந்தையின் கை வீங்காமல் இருந்துவிடாது. முதலில் வார்டில் நின்று, வீக்கம் ஏன் தாமதமாகத் தெரியவருகிறது என்று பாருங்கள். டிரிப்புக்காக நரம்பில் செருகும் மெல்லிய 24 கேஜ் குழாய்தான் கேனுலா. அதன் மேல் பிளாஸ்டர், அதற்கு மேல் கை அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட், அதையும் மூடி ரோலர் பேண்டேஜ். கேனுலா முனை இருக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாது. குழந்தை அழுதால் பசி என்று நினைத்துவிடுகிறோம். டிரிப்பை அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் அடிக்கும் என்று நம்பியிருப்பதும் ஆபத்து. திரவம் சதைக்குள் கசியும்போது அழுத்தம் பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. பம்ப் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கால்சியம் குளுக்கோனேட்டோ டோபமினோ போன்ற மருந்து கசிந்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகவும் கூடும்.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகு, இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்யுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளுக்குக் கேனுலா இருக்கிறது, அன்று எத்தனை வீங்கின என்று குறித்தால், நூறு கேனுலா நாளுக்கு (ஒரு குழந்தைக்கு ஒரு நாள் கேனுலா இருந்தால் அது ஒரு கேனுலா நாள்) எத்தனை வீக்கம் என்ற கணக்கு கிடைக்கும். அதன் பிறகே மாற்றம். ஊசி இடம் தெரிகிற ஒளிபுகும் டிரெஸ்ஸிங் போடுங்கள், விரல் நுனிகளை மூடாதீர்கள், மணிக்கு ஒருமுறை தொட்டு, பார்த்து, மறு கையோடு ஒப்பிடுங்கள். இதையும் வார்டு முழுக்க ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு ஷிப்ட், ஒரு குழந்தை. ஷிப்ட் முடிந்ததும் அந்த நர்ஸிடம் எது இடைஞ்சல் என்று கேளுங்கள். "சார்ட் டேபிள்ல இருக்குதுங்க, ஒவ்வொரு தடவையும் நடக்க முடியலை" என்பார். சார்ட்டைக் கட்டிலில் தொங்கவிட்டு, மறுநாள் மூன்று குழந்தைகளிடம் செய்து பாருங்கள். திட்டமிடு, செய், ஆராய், சரிசெய் என்று பாடத்தில் வரும் சுழற்சி இதுதான்.

வீக்கத்தோடு இன்னும் இரண்டை அளக்க வேண்டும். மணிக்கொரு சோதனை எத்தனை சதவீதம் நடந்தது என்பது ஒன்று. பிளாஸ்டரைக் குறைத்ததால் கழன்று விழுந்த கேனுலா எத்தனை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கினோமா என்று அதுதான் காட்டும். எல்லாவற்றையும் நாள்வாரியாக வரைபடத்தில் புள்ளி வையுங்கள். முதல் இரண்டு வாரத்தின் இடைநிலைக் கோட்டுக்குக் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) கீழே தொடர்ந்து ஆறு புள்ளிகள் விழுந்தால் மாற்றம் பலித்திருக்கிறது என்று சொல்லலாம். ஒரு நல்ல நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டும் பச்சிளம் குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி பத்து மடங்கு போகப் பார்த்தது. கடைசி நிமிடத்தில் பிடித்தோம். இரண்டு பேர் பார்த்தும் எப்படித் தப்புகிறது?
– ஸ்டாஃப் நர்ஸ், திருப்பூர்

"12 மில்லிகிராம், 0.3 எடுத்திருக்கேன், பாருங்க சிஸ்டர்" என்று சிரிஞ்சை நீட்டினால், "சரிங்க" என்றுதான் பதில் வரும். விடையைச் சொல்லிவிட்டுச் சரிபார்க்கச் சொல்வது சரிபார்ப்பே அல்ல. இரண்டாமவர் குழந்தையின் எடையையும் டாக்டரின் ஆர்டரையும் மருந்துக் குப்பியின் (வயல்) லேபிளையும் பார்த்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகே இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த 12 மில்லிகிராம் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2.4 கிலோ குழந்தை, கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 12 மி.கி. வயலில் 2 மி.லி.யில் 80 மி.கி., அதாவது மி.லி.க்கு 40. எடுக்க வேண்டியது 0.3 மி.லி. இவ்வளவு சிறிய அளவில் புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் படாது. வயலின் 2 மி.லி.யோடு 6 மி.லி. நார்மல் சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி. ஆகும், 1.2 மி.லி. எடுத்தால் போதும். வார்டு முழுக்க இந்த ஒரே கரைசல் அளவை எழுத்தில் ஒப்புதல் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். கலந்த சிரிஞ்சில் மருந்தின் பெயர், மி.லி.க்கு எத்தனை மி.கி., கலந்த நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.

எழுதுவதிலும் கவனம் தேவை. '5.0' என்பது 50 ஆகவும், '.5' என்பது 5 ஆகவும் படிக்கப்படும். 5 என்றும் 0.5 என்றும் மட்டுமே எழுதச் சொல்லுங்கள். பச்சிளம் குழந்தைக்கு ஒரு வேளை டோஸுக்கே ஒரு வயலுக்கு மேல் உடைக்க வேண்டிவந்தால், அங்கேயே கையை நிறுத்திவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை வார்டு டிராலியில் வைக்கவே வேண்டாம். தனியாகப் பூட்டி வையுங்கள்.

நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுத நோட்டு வைத்தோம். மாதக்கணக்கில் காலியாகவே இருக்கிறது.
– வார்டு இன்சார்ஜ், நாமக்கல்

காலி நோட்டு என்றால் வார்டு பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எழுதப் பயம் என்றுதான் அர்த்தம். எழுதியவரையே கூப்பிட்டு 'மெமோ' கொடுத்த வார்டில் அப்புறம் யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள். எழுதுபவர் பெயர் கேட்காதீர்கள். என்ன நடக்க இருந்தது, எது தடுத்தது என்ற இரண்டு வரி போதும். வாரம் ஒன்றையாவது எடுத்து, அதனால் வார்டில் எதை மாற்றினீர்கள் என்று ஷிப்ட் மாறும்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

பெயரைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுக்கிறோம். ஆனாலும் ஆள் மாறிவிடுகிறது.
– நர்ஸிங் மாணவர், ஈரோடு

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். "செல்வி பேபிதானுங்க?" என்று கேட்டால், நம் ஊர்த் தாய் அரைத்தூக்கத்திலும் மரியாதைக்கு "ஆமாங்க" என்பார். "உங்க பேர் என்னங்க?" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு குழந்தையின் கைப்பட்டையில் தாய் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கட்டில் எண் அடையாளம் ஆகாது. இரட்டைக் குழந்தைகளுக்கு 'முதல்', 'இரண்டாம்' என்று பட்டையிலும் சார்ட்டிலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் காய்ச்சல் மருந்து டிராப்ஸும் இருக்கிறது, சிரப்பும் இருக்கிறது. எட்டு கிலோ குழந்தைக்கு எது எவ்வளவு?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; எட்டு கிலோவுக்கு 120 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. என்று போட்ட சிரப்பானால் 5 மி.லி. அதே சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. என்றும் வருகிறது, அதில் 2.4 மி.லி. டிராப்ஸ் பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி., அதனால் 1.2 மி.லி. சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், ஒரு நாள் முழுக்கக் கொடுக்கலாம் என்ற உச்ச அளவையே அது தாண்டுகிறது. சமையல் ஸ்பூன் வேண்டாம், மி.லி. குறியிட்ட சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் இல்லாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

அளவு மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். கல்லீரல் பாதிப்பு உடனே வெளியே தெரியாது. முறிவு மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பாட்டிலோடு அரசு மருத்துவமனைக்குப் போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.