அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ (வருமானமும் சொத்தும் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) வாங்கும் மகனுக்கு விபத்து நஷ்டஈடு வந்தால் உதவித்தொகை நின்றுவிடுமா? ஊரில் தாத்தாவும் வீட்டை அவன் பேருக்கு எழுதப் பார்க்கிறார்

அவன் பேருக்கு செக் வந்தால் நிற்கும். வந்த மாதம் அது வருமானம். அடுத்த மாதம் 1-ஆம் தேதி மிச்சமிருப்பது சொத்து. தனி ஆளுக்கு வரம்பு 2,000 டாலர். 1989-லிருந்து இதே 2,000. விலைவாசி ஏறுவது வாஷிங்டனுக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது. பல மாநிலங்களில் எஸ்எஸ்ஐ-யோடு, அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் சேர்ந்து போகும். அதுதான் பெரிய அடி.

பணம் யாருடையது என்று முதலில் பிரியுங்கள். நஷ்டஈடு மகனுடையது. அவன் பணத்தை வைத்துத் தொடங்கும் ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்டில்தான் (அவனுக்காக வேறொருவர் நிர்வகிக்கும் நிதி, அவன் சொத்துக் கணக்கில் வராது) அது போக வேண்டும். 65 வயதுக்கு முன் தொடங்க வேண்டும், பிறகு ரத்து செய்ய முடியாது. அவன் காலத்துக்குப் பின், மெடிகெய்ட் செலவழித்ததை மிச்சப் பணத்திலிருந்து மாநிலம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சேர்த்த பணத்துக்கு வேறு டிரஸ்ட், அதில் மாநிலத்துக்குப் பாத்தியதை இல்லை. இரண்டையும் ஒன்றில் கொட்டினால் உங்கள் பணமும் அந்தப் பாக்கிக்குப் போய்விடும்.

டிரஸ்ட் பத்திரம் முடிந்த பிறகே சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்து. விபத்துச் சிகிச்சைக்காக மெடிகெய்ட் கேட்கும் தொகையை டிரஸ்டில் போடும் முன்பே தீர்க்க வேண்டும். மாதத் தவணை என்றால், அது டிரஸ்டுக்கே வரும்படி மாற்ற முடியாதவாறு எழுத வேண்டும். விபத்து வழக்கு மட்டும் பார்க்கும் வக்கீல்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

செலவிலும் கவனம். டிரஸ்டி (டிரஸ்டை நிர்வகிப்பவர்) ரொக்கமாகக் கையில் கொடுத்தால் உதவித்தொகையில் குறைப்பார்கள். கடைக்கு நேராகக் கட்டட்டும். 2024 செப்டம்பர் 30 முதல் சாப்பாட்டுச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகையைச் சேர்ப்பார்கள். அதனால் வாடகையை ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கு) வழியாகக் கட்டுவது மேல். அதில் 1 லட்சம் டாலர் வரை எஸ்எஸ்ஐ கண்டுகொள்ளாது. எடுத்த மாதமே கட்டிவிடுங்கள்.

இது அரசை ஏமாற்றுவது என்பவர்களுக்கு: 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே சட்டத்தில் வைத்த வழி இது. மாநில விதிகள் மாறும், உங்கள் மாநில வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எஸ்எஸ்டிஐ (வேலை செய்து கட்டிய வரியின் பேரில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைப்பது) வேறு, அதற்குச் சொத்து வரம்பே இல்லை.

“தம்பி பேரில் எழுதிடுங்க, அவன் பார்த்துப்பான்” என்று சொல்லாத சொந்தக்காரர் உண்டா? தம்பிக்குக் கடனோ விவாகரத்தோ வந்தால் அது தம்பியின் சொத்தாகத்தான் பங்கு போகும்.

தாத்தாவிடம் இப்போதே பேசுங்கள். வீடு உங்கள் பேருக்கு வரட்டும், பேரன் பேருக்கு வேண்டாம். அவன் குடியிருக்காத வீடு இந்தியாவில் இருந்தாலும் சொத்துதான். பத்திரம் பதிவான பிறகு அவன் இனாமாகத் திருப்பி எழுதிக் கொடுத்தால், 36 மாதம் வரை எஸ்எஸ்ஐ-யை நிறுத்தலாம்.