சாம்பிராணியை நிறுத்துங்கள், தட்டைக் கழுவுங்கள்

கேள்வி: எங்கள் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பிறந்த நாளுக்கு வாங்கிய வெள்ளைப் பெண் முயல் மல்லிக்கு இப்போது இரண்டரை வயது. சில மாதங்களாக ஓயாமல் தும்முகிறது, மூக்கில் வெள்ளையாகச் சளி வடிகிறது. மருந்து கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது. இதற்கிடையே இரண்டு முறை மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டியது. கருப்பையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார் ஒரு மருத்துவர். மூச்சுக் கோளாறு உள்ள முயலுக்கு மயக்க மருந்தே கூடாது என்கிறார் இன்னொருவர். ஒரு முயலுக்கு இவ்வளவு செலவா என்கிறார் என் கணவர். கூண்டு, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில் இருக்கிறது. மகளுக்கு டியூஷனும் நாட்டிய வகுப்பும் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சுத்தம் செய்கிறேன். மாமியார் நாற்றம், நாற்றம் என்று தினமும் குறை சொல்வதால் மாலையில் அங்கே சாம்பிராணி போட்டுவிடுவோம். ஆபரேஷன் விஷயத்தில் நான் யார் பேச்சைக் கேட்பது?

– ஒரு வாசகி, கோவை

பதில்: மருத்துவர்கள் இருவரும் சொன்னதை விரிவாக எழுதிய நீங்கள், மாமியார் சொன்னதை ஒரே வரியில், அதுவும் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் வீட்டில் மல்லியின் நோய்க்கு மிக அருகில் போனவர் அவர் ஒருவர்தான். அறைக்குள் இருக்கும் மனிதர் மூக்கையே அந்த நாற்றம் எட்டுகிறதென்றால், கூண்டின் அடித்தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் இரவும் பகலும் கிடக்கும் முயல் எதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டாமா? நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, அது தெரியாமல் இருக்க வழி தேடினீர்கள்.

தட்டில் தேங்கிய சிறுநீரிலிருந்து அம்மோனியா கிளம்பும். மூக்கின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுவதற்கென்று இருக்கும் நுண்மயிர்களை அது கெடுத்துவிடும். பாஸ்டுரெல்லா என்னும் கிருமி ஏராளமான முயல்களின் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அந்தப் பாதுகாப்பு குறைந்ததும் அது பெருகித் தும்மலும் சளியுமாக வெளிப்படும். மருந்து அதை அடக்குகிறது. ஆனால் வாரம் முழுவதும் சிறுநீர் ஊறிய அதே தட்டின் மேல், புகை போகவும் வழியில்லாத அதே பால்கனியில் மல்லியை மறுபடியும் விட்டால், பத்து நாளில் நோய் திரும்பாமல் என்ன செய்யும்? முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி. மூக்கடைத்தால் நாம் வாயால் சமாளித்துக்கொள்கிறோம், முயலால் அது முடியாது. முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதன் உயிருக்கே ஆபத்து என்று பொருள். மல்லியின் முன்னங்கால்களைத் தூக்கி உட்பக்கத்தைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே மயிர் திரிதிரியாக ஒட்டிக் காய்ந்திருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் அது எவ்வளவு அவதிப்படுகிறது என்பது விளங்கும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. தினமும் காலையில் கால் மணி நேரம் ஓர் உயிருக்காக ஒதுக்க விடாத டியூஷனும் நாட்டியமும் ஒரு குழந்தைக்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கொஞ்சுவது மகள், கழுவுவது நீங்கள், செலவுக்குக் கணக்குக் கேட்பது கணவர், குறை சொல்கிறார் என்ற பெயர் மட்டும் மாமியாருக்கு என்று பிரித்துக்கொண்ட வீட்டில், மல்லிக்குப் பொறுப்பு என்று ஒருவரும் இல்லை. வீட்டுக்கு ஓர் உயிரைக் கொண்டுவந்தவர்கள் அதன் புழுக்கையை அள்ளவும் கடமைப்பட்டவர்கள். அதைப் பெற்றோர் சொல்லித் தராவிட்டால் பிள்ளைகள் வேறெங்கே கற்றுக்கொள்வார்கள்? இன்றே மாமியாரிடம் போய், "அத்தை, நீங்கள் சொன்னது சரிதான், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை" என்று சொல்லுங்கள். மகளையும் அருகில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள். பெரியவர்கள் பேச்சைத் தொணதொணப்பு என்று ஒதுக்கும் பழக்கத்தை அவள் உங்களிடமிருந்துதான் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நாளை முதல் தட்டைத் தினமும் காலி செய்து கழுவ வேண்டும். படிந்த வெள்ளைக் கறையைத் தண்ணீர் கலந்த வினிகரால் தேய்த்தால் போய்விடும். மரத்தூள் வேண்டாம், செய்தித்தாள் போதும். புல்லைப் பால்கனிக்கு வெளியே உதறிவிட்டுப் போடுங்கள், தூசி உள்ளே வரக் கூடாது. கண்ணாடியைத் திறந்து வலை அடியுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சுத்தம் போதுமா என்பதை உங்கள் மாமியாரின் மூக்கே தினமும் மாலையில் தீர்மானிக்கட்டும்.

உங்கள் இரண்டு மருத்துவர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சாதாரணம். சில இனங்களில் நான்கு வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அதைக் கண்டிருக்கிறார்கள். அது நுரையீரலுக்கும் பரவும். மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டியது பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே சினையானது போல உடல் நடந்துகொள்வது. அதுவே புற்றுநோய் ஆகிவிடாது என்றாலும், சினைப்பையும் கருப்பையும் இருக்கும் வரை திரும்பத் திரும்ப வரக்கூடியது. இன்னொரு பக்கம், பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை திரட்டி 2008-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான முயல்களில் இறந்தவை 0.73 சதவீதம், ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 7.37 சதவீதம். அதாவது நோயோடு படுக்கவைத்தால் ஆபத்து பத்து மடங்கு. அந்த ஆய்வில் எல்லா விதமான நோயும் அடங்கும், மூச்சுக் கோளாறு மட்டுமன்று. என்றாலும் மல்லி இன்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆகவே என் பதில்: அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் இன்றைய நிலையில் வேண்டாம். இரண்டரை வயதில் சில மாதங்கள் காத்திருக்கலாம். சில ஆண்டுகள் தள்ளிப்போட்டால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும், அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

காத்திருக்கும் மாதங்களில் நோயின் வேரைத் தேடுங்கள். தலைக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்வது. மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டு மூக்குப் பாதையை நெருக்கினால் எத்தனை மருந்து கொடுத்தாலும் சளி நிற்காது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலின் நிலை தெரியும், மயக்க மருந்து தாங்குமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மூக்குச் சளியைச் சோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறியலாம். ஒவ்வொரு முறையும் புது மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதை அதோடு நிறுத்துங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மகளுக்கு வாங்கி மீந்த அமாக்ஸிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக்கூட மல்லியின் வாயில் விடாதீர்கள். அந்த வகை மருந்து வாய்வழியே போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து அது செத்துப்போகலாம். உள்ளூரில் முயலுக்கு அறுவை செய்து பழகியவர் அகப்படாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சளி நின்று, மூச்சு சீராகி, சில வாரங்கள் அப்படியே நிலைத்தால் அறுவைக்கு நாள் குறியுங்கள். வெயில் காலம் வேண்டாம், முயலுக்குச் சூடு ஆகாது. மார்கழி, தை மாதங்கள் நல்லவை. எல்லாம் செய்தும் நுரையீரல் தேறவில்லை என்றால் அறுவையை விட்டுவிடுங்கள். அப்போது சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா என்று கவனிப்பதும், ஆண்டுதோறும் வயிற்றை மருத்துவரிடம் காட்டுவதும் உங்கள் கடமையாகிவிடும். துணை வேண்டும் என்று ஆண் முயல் ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

அறுவைக்கு முந்திய இரவு வெறும் வயிறாக வைக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். முயலுக்கு வாந்தி வராது, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எனவே நாய் பூனைக்குப் போல அதைப் பட்டினி போடுவதில்லை. மூச்சுக்குழாய் பொருத்துவீர்களா, ஆக்ஸிஜன் இருக்குமா, வலிக்கு என்ன மருந்து என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் மல்லியை ஒப்படைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்கே அது கொஞ்சமாவது தின்ன வேண்டும், புழுக்கை போட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அதை உங்கள் மகள் முன்பே கற்று வைத்திருக்கட்டும். செலவுக்குக் கணக்குக் கேட்கும் உங்கள் கணவர் அன்றைக்கும் மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும்.